எங்கள் ஊர் ஆசிரியரின் வாழ்க்கையைத் தொகுக்கிறோம்: யாரைக் கேட்பது, எதைப் பதிவு செய்வது?

கேள்வி: பென்னாகரத்து முன்னாள் மாணவர்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் எழுபதுகளின் இறுதியில் இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, அதே வட்டாரத்துப் பள்ளிகளிலேயே மாறுதல் பெற்று, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக ஓய்வுபெற்ற எங்கள் ஆசிரியருக்கு அடுத்த ஆண்டு 75 வயது நிறைவடைகிறது. அவரிடம் படித்தவர்கள் சிலர் சேர்ந்து அவருடைய வாழ்க்கையை ஒரு சிறு நூலாகத் தொகுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அச்சுச் செலவுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. நூல் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

நண்பர்களில் பலர் விழா மலர் போதும் என்கிறார்கள். முக்கியப் பிரமுகர்களின் வாழ்த்துரைகள், சில கவிதைகள், நிழற்படங்கள், மாணவர்கள் எழுதும் நன்றிக் குறிப்புகள் என்று அவர்கள் திட்டமிடுகிறார்கள். அப்படிப்பட்ட மலர்களை நானும் படித்திருக்கிறேன். பெயரை மாற்றிவிட்டால் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும்படிதான் அவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. அவர் எந்த ஊரில் எந்த ஆண்டில் என்ன செய்தார், யாரைப் போய்ப் பார்த்தார், எது கைகூடியது, எது கைகூடவில்லை என்பதையெல்லாம், இன்று அதே ஒன்றியத்தில் புதிதாகப் பணியேற்கும் ஓர் இளம் ஆசிரியர் படித்துப் பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்கு விவரமாக எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பில் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் பலருக்குப் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் இருந்தன. பெண் பிள்ளைகள் பதில் சொல்ல எழுந்தால் புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசுவார்கள். சரியாகப் பல் துலக்காததால் வந்த கறை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தபோது, அது நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடினால் வருவது என்றும், தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாலும் அது நீங்காது என்றும் வீடு வீடாகச் சொன்னவர் அவர். தெருத்தெருவாகக் கைப்பம்புத் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்து, ஒவ்வொரு பாட்டிலிலும் பம்பு இருக்கும் இடத்தைக் காகிதத்தில் எழுதி ஒட்டி, பேருந்தில் தருமபுரிக்கு எடுத்துச் சென்று பரிசோதிக்கக் கொடுத்தார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்த பம்புகளின் கைப்பிடியில் சிவப்புச் சாயம் பூசவைத்தார். துணி துவைக்க அதைப் பயன்படுத்துங்கள், குடிக்கவும் சமைக்கவும் வேறு பம்புக்குப் போங்கள் என்று எங்களிடம் சொல்லி, எங்கள் வழியாக எங்கள் வீட்டாரிடமும் சொல்லவைத்தார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அவருடைய பணிப்பதிவேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்க வாய்ப்பில்லை.

அறிவொளி இயக்கம் நடந்த தொண்ணூறுகளில் பகலில் பள்ளியும் இரவில் மாரியம்மன் கோயில் திண்ணையில் பெரியவர்களுக்கான வகுப்புமாக அவர் இருந்ததை எங்கள் பெற்றோர் இப்போதும் நினைவுகூர்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட மாநில எழுத்தறிவு விகிதம் 80 விழுக்காடாக இருந்தபோது தருமபுரி மாவட்டம் ஏறத்தாழ 68.5 விழுக்காட்டுடன் கடைசி இடத்தில் இருந்தது என்பதை வைத்துப் பார்த்தால், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தை நடத்துகிறார். முதியோர் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு எழுதிக் கொடுக்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கு விடுமுறை நாள்களில் கட்டணமின்றித் தயார்செய்கிறார். அந்தத் தேர்வில் தேறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பிள்ளை படிப்பைத் தொடர்வதா வேலைக்குப் போவதா என்பதை அந்தத் தொகை தீர்மானித்துவிடும்.

அவரோ தம்மைப் பற்றிப் பேச மறுக்கிறார். எல்லா ஆசிரியர்களும் செய்ததைத்தான் தாமும் செய்ததாகச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார். அவரிடமிருந்து விவரங்களை எப்படிப் பெறுவது? அவரைத் தவிர வேறு யாரைக் கேட்க வேண்டும்? பள்ளி ஆவணங்களில் எவை உதவும்? இத்தகைய தொகுப்பு வேலையில் அனுபவம் உள்ளவர்களும், இத்தகைய ஆசிரியர்களோடு வாழ்ந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: பாலக்கோடு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

தம்பிக்கு வணக்கம். விழா மலரா விவர நூலா என்ற கேள்வியில் நான் உங்கள் பக்கம். பணிநிறைவு விழாக்களில் எங்களை மெழுகுவர்த்தி என்றும் ஏணி என்றும் சொல்லிச் சொல்லி, நாங்கள் நாள்தோறும் செய்த வேலை என்ன என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. நாங்கள் பட்டறிந்து கற்றுக்கொண்டவற்றை அடுத்து வந்தவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. உங்கள் நூல் அதை மாற்றுமானால் அதுவே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

அவரிடம் போய் உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். எந்த ஆசிரியரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். பழைய வகுப்புப் படம் ஒன்றை அவர் முன் வைத்து, இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் யார், அவர் ஏன் ஏழாம் வகுப்போடு நின்றார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு பிள்ளையில் தொடங்கி அவருடைய அப்பா, அவர் வேலைக்குப் போன ஊர், அவரை அழைத்துப்போன மேஸ்திரி, அந்தக் குடும்பத்தைத் திருப்பி அழைத்துவர நடந்த நடை என்று எல்லாம் வந்துவிடும்.

ஆவணங்களில் முதன்மையானது சேர்க்கைப் பதிவேடு. பள்ளி இருக்கும் வரை வைத்திருக்க வேண்டிய நிலையான ஆவணம் அது. இப்போதைய தலைமை ஆசிரியரிடம் முறைப்படி எழுத்தில் அனுமதி கேட்டு, பள்ளியிலேயே உட்கார்ந்து பாருங்கள். வெளியே எடுத்துச் செல்லவோ படம் எடுத்துப் பரப்பவோ கூடாது. பிள்ளை எந்த வகுப்பில் சேர்ந்தது, எந்த நாளில் நீங்கியது, நீங்கிய காரணம் என்ன, பெற்றோரின் தொழில் என்ன என்ற விவரங்களை அதில் காணலாம். அவர் அந்தப் பள்ளிக்கு வருவதற்கு முந்தைய ஐந்தாண்டுகளையும் அவர் இருந்த காலத்தையும் ஒப்பிட்டு, முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எட்டாம் வகுப்பை முடித்தார்கள் என்று கணக்கிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனியாகக் கணக்கிடுங்கள். எண்ணிக்கை உயர்ந்திருந்தால் அதை எழுதுங்கள். உயராமல் இருந்தாலும் எழுதுங்கள். ஏன் உயரவில்லை என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் காரணம்தான் நூலின் சிறந்த பகுதியாக அமையக்கூடும். பார்வையாளர் பதிவேடும், ஊர்க் கூட்டங்களின் தீர்மானப் புத்தகமும் கிடைத்தால் அவற்றையும் பாருங்கள்.

அடுத்து, ஆண்டின் மாதங்களை வைத்துக் கேளுங்கள். நம் மாவட்டத்தில் பள்ளி நாட்காட்டி ஒன்று, பிள்ளைகளின் நாட்காட்டி மற்றொன்று. மாசி, பங்குனியில் புளி அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டை நீக்கும் வேலை நடக்கும். ஆண்டுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டிய மாதங்களும் அவைதான். அந்த நாள்களில் வகுப்புக்கு வரும் பிள்ளையின் விரல்களில் புளி ஒட்டிப் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும். பேனாவைப் பிடித்தால் ஏட்டில் கறை விழும். பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் புழு கூடு கட்டுவதற்கு முந்தைய ஒரு வாரம் இரவும் பகலும் மல்பெரித் தழை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாரம் மூத்த பிள்ளை பள்ளிக்கு வராது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஜூனில் பள்ளி திறந்த பிறகும் மாங்காய்ப் பருவம் முடிந்திருக்காது. உங்கள் ஆசிரியர் இந்த மாதங்களில் என்ன செய்தார்? எந்த வீட்டுக்குப் போனார்? வராத பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை எப்போது நடத்தினார்? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாதவை.

பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்கும் வெளியூர்ச் செங்கல் சூளைகளுக்கும் குடும்பத்தோடு போனவர்களின் பிள்ளைகளைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். நான் அறிந்த வரையில் அக்காலத் தலைமை ஆசிரியர்களின் முதல் முயற்சி, பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச்செல்லும்படி பெற்றோரிடம் பேசுவதாக இருந்தது. அது முடியாதபோது அரசு விடுதியில் இடம் கேட்டார்கள். அதுவும் முடியாமல் போய், பிள்ளை பெற்றோருடன் சென்று பாதி ஆண்டில் திரும்பி வந்தால், மாற்றுச் சான்றிதழ் இல்லாமலே வகுப்பில் உட்காரவைத்துவிட்டுப் பிறகு அதிகாரிகளுக்கு விளக்கம் எழுதினார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. உங்கள் ஆசிரியரின் வயதைப் பார்த்தால், அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதியில் இந்தச் சட்டம் இருக்கவில்லை. சட்டம் இல்லாத காலத்தில் அதே செயலைத் தம் பொறுப்பில் செய்தவர்கள் விளக்கக் குறிப்பாணை வாங்கினார்கள் என்பதை இன்றைய ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி ஏதேனும் குறிப்பாணை அவரிடம் இருந்தால், அவர் சம்மதித்தால், எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பதை நீக்கிவிட்டு நூலில் சேருங்கள்.

சான்றிதழ் வேலையையும் சிறிதாக நினைக்காதீர்கள். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்ப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் அளவில் முடிவதில்லை. கோட்டாட்சியர் விசாரித்து வழங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் பத்தாம் வகுப்போடு நின்றவர்களை நான் அறிவேன். ஒரு மனு எந்த மேசையில் எத்தனை மாதம் இருந்தது, அதை நகர்த்த அவர் என்ன செய்தார் என்பதை நாள் குறித்து எழுதினால் படிப்பவர்களுக்கு அது வழித்துணையாக இருக்கும்.

மறுமொழி: காவேரிப்பட்டணம், ஓர் ஆசிரியரின் மகள்

என் தந்தை தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஊர் வேலைகளில் உங்கள் ஆசிரியரைப் போலவே ஈடுபட்டவர். மேலே ஐயா எழுதியிருப்பவை அனைத்தும் சரியே. ஆனால் அவர் சொல்லும் ஆவணங்கள் எவற்றிலும் கிடைக்காத ஒரு பக்கம் உண்டு. அது ஆசிரியரின் வீடு.

எங்கள் வீட்டுத் திண்ணையும் முன்னறையும் மாலை ஆறு மணிக்கு மேல் எங்களுடையவையாக இருந்ததில்லை. பாடம் படிக்க வந்தவர்கள், மனு எழுத வந்தவர்கள், கணவனோடு சண்டையிட்டுக்கொண்டு வந்து நின்றவர்கள் என்று யாராவது இருப்பார்கள். நாங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து படிப்போம். எட்டாம் வகுப்பு வரை மட்டுமே படித்திருந்த என் தாய், களி கிண்டிக்கொண்டே எங்களுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கவைப்பார். பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் பொதுத்தேர்வு நாள்களில் எங்கள் வீட்டிலேயே தங்கிப் படித்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேழ்வரகு அரைக்கக் கொடுப்போம். சம்பள நாளில் யாருடைய தேர்வுக் கட்டணம் முதலில், எங்கள் மளிகைக் கடன் எத்தனையாவதாக என்று முடிவு செய்தவர் பல நேரங்களில் என் தந்தை அல்லர், தாய்தான். தந்தையின் பணிநிறைவு விழாவில் தாய்க்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அவரைப் பேச அழைக்கவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறாத வருத்தம்.

ஆகையால் உங்கள் ஆசிரியரின் துணைவியாரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். ஆசிரியர் கூடத்தில் இருக்கும்போது கேட்டால், அவரைப் பார்த்துவிட்டு, எனக்கு என்ன தெரியும் என்றுதான் சொல்வார். உங்கள் குழுவில் உள்ள பெண்கள் இரண்டு பேர் ஒரு பிற்பகலில் போய்ப் பேசட்டும். வீட்டுக்கு யார் யார் வந்து தங்கினார்கள், எந்த ஆண்டு கையில் காசில்லாமல் இருந்தது, அவர் வேண்டாம் என்று சொல்லியும் ஆசிரியர் கேட்காமல் செய்தது எது என்று கேளுங்கள். ஆசிரியரின் பிள்ளைகளையும் கேளுங்கள். எல்லோரும் இனிமையாகவே பேசுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்பா எங்களோடு இருக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் அதையும் அப்படியே பதிவு செய்யுங்கள். தியாகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், யார் எதைச் சுமந்தார்கள் என்று கணக்காக எழுதுங்கள்.

இன்னொன்று. எங்கள் தந்தை தனியாக எதையும் செய்யவில்லை. புத்தகக் கட்டுகளைக் கட்டணம் வாங்காமல் ஏற்றிவந்த பேருந்து நடத்துநர், மழைக் காலத்தில் தம் பட்டுப்புழு மனையில் இரவு வகுப்புக்கு இடம் கொடுத்த விவசாயி, சத்துணவு அமைப்பாளர் அம்மா, ஆயா என்று பலர் இருந்தார்கள். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்த பிறகு மதியத்துக்கு மேல் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவது குறைந்ததைப் பற்றிப் பேச, ஆசிரியரைவிட அந்த ஆயாவே பொருத்தமானவர். உங்கள் பென்னாகரம் பக்கம் தெருக்கூத்து வேரூன்றிய பகுதி. என் தந்தை கோடையில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களுக்குப் போய்க் கூத்து வாத்தியாரிடம் சொல்லிவைத்து, கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் வாயால், இன்ன தேதியில் பள்ளி திறக்கிறது, ஐந்து வயது முடிந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து சேருங்கள் என்று அறிவிக்கச் செய்வார். விடிய விடியக் கண்விழித்துக் கூத்துப் பார்க்கும் தாய்மாரிடம் அது துண்டறிக்கையைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. உங்கள் ஆசிரியரும் இப்படி ஏதேனும் செய்திருப்பார். அந்தக் கலைஞர்கள் உயிருடன் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

மறுமொழி: தேன்கனிக்கோட்டை, பட்டதாரி ஆசிரியை

ஒரு குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டு வந்து தமிழ்வழி வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் மிகுதி. கருநாடக எல்லையை ஒட்டிய உங்கள் வட்டாரத்திலும் கன்னடம் பேசும் குடும்பங்கள் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் முதல் வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று கட்டாயம் கேளுங்கள். நான் பணியில் சேர்ந்த பள்ளியில் மூத்த ஆசிரியை ஒருவர் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்து, பாடத்தில் வரும் சொல்லைத் தமிழில் எழுதி, அதற்கு நேராகத் தெலுங்கிலும் கன்னடத்திலும் பிள்ளைகள் வீட்டில் சொல்லும் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே குறித்திருந்தார். வெட்கத்தால் வாய் திறக்காத பிள்ளையிடம் முதல் வாரம் அதன் வீட்டுச் சொல்லில்தான் பேசுவார். அவர் மாறுதலாகிப் போனபோது அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார், இப்போதும் பயன்படுத்துகிறேன். உங்கள் ஆசிரியரிடம் அப்படிக் கையால் எழுதிய ஏடுகள் இருந்தால் இரண்டு மூன்று பக்கங்களையாவது உள்ளபடியே படமாக அச்சிடுங்கள். வாழ்த்துரைக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை இதற்குக் கொடுத்தாலே நூல் ஆசிரியர்களிடையே கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும்.

கேட்டவர் மீண்டும்: பென்னாகரத்து முன்னாள் மாணவர்

மறுமொழி எழுதிய மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இவற்றை எங்கள் குழுவில் படித்துக் காட்டினேன். விழா மலர் வேண்டும் என்றவர்களில் இருவர் இப்போது சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் எங்களுக்கு மூத்த அக்கா ஒருவர், ஆசிரியரின் துணைவியாரோடு பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஒரு சிக்கலான செய்தியைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே திருமணம் நிச்சயிக்கப்பட்ட மாணவியர் சிலரின் திருமணங்களை ஆசிரியர் பேசி நிறுத்தியிருக்கிறார். அவர்களில் ஒருவர் இன்று செவிலியராகவும் மற்றொருவர் ஆசிரியையாகவும் இருக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையில் இதைவிட முக்கியமான பணி வேறில்லை என்று நான் கருதுகிறேன். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே அவர் கையை அசைத்து மறுத்துவிடுகிறார். எழுதலாமா, எழுதினால் எப்படி எழுதுவது?

மறுமொழி: தருமபுரி, நூலகர்

அவர் மறுப்பதற்குத் தன்னடக்கம் மட்டுமே காரணமாக இருக்காது. அந்தப் பெண்களின் பெற்றோரும் உறவினரும் அதே ஊர்களில் இருக்கிறார்கள்; அன்று அவர் சொல்லைக் கேட்டுத் திருமணத்தை நிறுத்திய ஒரு தந்தையை இன்று அச்சில் குற்றவாளியாக நிறுத்த அவர் விரும்பமாட்டார். அந்தத் தயக்கத்தை மதித்தே தொடங்குங்கள்.

முதலில் அந்தப் பெண்களைக் கேளுங்கள். அவர்கள் இன்று தம் முடிவைத் தாமே எடுக்கும் நிலையில் உள்ளவர்கள். தம் பெயரில் தாமே எழுதித் தர விரும்பினால் அது அவர்களுடைய உரிமை. விரும்பாவிட்டால் பெயரோடு ஊர், ஆண்டு, தற்போதைய பணி ஆகிய எல்லாவற்றையும் மாற்றியோ நீக்கியோ எழுத வேண்டும். எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் செவிலியராக இருக்கிறார் என்று சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அண்மைக் காலத்தில் நடந்த நிகழ்வு, அதாவது இன்னும் 18 வயது நிறையாத பிள்ளை சம்பந்தப்பட்டது, அறவே வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. உரிய வயதுக்கு முன் திருமணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் உள்ள குழந்தையும் அந்த வரையறைக்குள் அடங்கும்.

ஆளைச் சொல்லாமல் வழிமுறையைச் சொல்ல முடியும். உங்கள் நூலுக்கு வேண்டியதும் அதுதான். அவர் பணியில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் 1929ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்ற பொறுப்பைக் கொண்டுவந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம் 2007 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று ஓர் ஆசிரியர் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம், மாவட்டச் சமூகநல அலுவலருக்குத் தெரிவிக்கலாம். உங்கள் ஆசிரியருக்கு அன்று அந்த வசதிகள் இல்லை. அப்படியானால் யார் வழியாகப் பேசினார்? தாய்மாமனிடமா, ஊர்க் கவுண்டரிடமா, பெண்ணின் பாட்டியிடமா? திருமணத்தை நிறுத்திய பிறகு அந்தப் பெண் படிக்கப் போக வர என்ன ஏற்பாடு செய்தார்? வரதட்சணைக்காக வாங்கிய முன்பணம் இருந்தால் அதை எப்படித் தீர்த்தார்கள்? எந்தப் பேச்சுவார்த்தை தோற்றது? பெயர்களைத் தவிர்த்து இவற்றை மட்டும் கேட்டால் அவர் பேசக்கூடும். இன்று அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதால், பெற்றோரிடம் பேச ஒரு பிடி இருக்கிறது. அந்தப் பிடியும் இல்லாத காலத்தில் அவர் எதைச் சொல்லிச் சம்மதிக்கவைத்தார் என்பது இன்றைய ஆசிரியருக்கும் மிகத் தேவையான செய்தி.

நூலகர் என்ற முறையில் சில நடைமுறைச் செய்திகளையும் சொல்ல வேண்டும். பேட்டிகளைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யும்போது தொடக்கத்திலேயே நாள், இடம், பேசுபவர், கேட்பவர் ஆகிய விவரங்களையும், பதிவு செய்ய அவர் சம்மதிப்பதையும் வாய்மொழியாகச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். நூலில் பத்தில் ஒரு பங்குதான் இடம்பெறும் என்பதால் முழு ஒலிப்பதிவையும் குறைந்தது இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். அச்சான பிறகு, 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி படிகளை அனுப்ப வேண்டிய நூலகங்களில் சென்னைக் கன்னிமாரா பொது நூலகமும் ஒன்று. வெளியான 30 நாள்களுக்குள் அனுப்பிவிடுங்கள். தனியார் சுற்றுக்கான நூல்தானே என்று பலர் இதைச் செய்வதில்லை. அதனால்தான் இம்மாவட்டத்து ஆசிரியர்களைப் பற்றிய நூல்களைத் தேடி வருபவர்களுக்கு எங்களால் எதையும் எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. மாவட்ட மைய நூலகத்திற்கும், அவர் வாசகர் வட்டம் நடத்தும் ஊர்ப்புற நூலகத்திற்கும், அவர் பணியாற்றிய ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டிரண்டு படிகளை ஒதுக்கிவிட்டு மீதியை விழாவில் வழங்குங்கள்.

மெய்ப்புப் பார்க்கவோ சொல்லடைவு தயாரிக்கவோ ஆள் தேவைப்பட்டால் எழுதுங்கள். ஊர்ப் பெயர்களுக்கும் ஆண்டுகளுக்கும் நூலின் இறுதியில் சொல்லடைவு இருப்பது நல்லது. அதை நான் செய்து தருகிறேன்.